வாராந்த மீளாய்வும் குறிப்பில் வராத பெயர்களும்



பதுளை, ஹாலி-எல, பசறை, லுணுகலைப் பக்கத்து உறவுகளுக்கும், எங்களோடு ஒரே ஆசிரியர் அறையில் இருந்து தேநீர் குடிக்கும் தமிழ், சிங்கள நண்பர்களுக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். டீச்சர்மாரின் கொப்பி வேலை, நமக்கென்ன என்று பெற்றோர் தாண்டிப் போக வேண்டாம். உங்கள் பிள்ளையின் பெயர் அந்தக் கொப்பியில் வருகிறதா இல்லையா என்பதுதான் விஷயமே.

சில மாதங்களாக ஆசிரியர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு வழி சுற்றிக்கொண்டிருக்கிறது. கிழமை முழுக்க போனில் தட்டி வைத்த குறிப்புகளை அப்படியே எடுத்து சாட்ஜிபிடியிலோ ஜெமினியிலோ போட்டு, "இந்தக் கிழமைக்கு ஒரு மீளாய்வு எழுதித் தா" என்று கேட்கிறார்கள். ஒரு நிமிடம் போகாது, பந்தி பந்தியாக வந்து விழுகிறது. அடைவு, குறைபாடு, அடுத்த கிழமைக்கான நடவடிக்கை என்று தலைப்புப் போட்டு, நாங்கள் கலாசாலையில் இருந்து பழகிய நடையை விடத் திருத்தமாக வருகிறது. இன்னும் ஒரு படி மேலே போனவர்கள், வெள்ளி பின்னேரம் ஆனதும் அது தானாகவே தயாராகி மின்னஞ்சலுக்கு வந்து நிற்கும்படி செய்து வைத்திருக்கிறார்கள்.

இதைக் கேலி பண்ண நாங்கள் வரவில்லை. விடிய முதல் வீட்டை விட்டு இறங்கி, ஒரு பஸ் பிடித்து, அதற்குப் பிறகு தேயிலை மலையில் ஏறி நடந்து பள்ளிக்கூடம் போகிற டீச்சரிடம் "நீங்களே உட்கார்ந்து நாலு பக்கம் எழுதுங்கள்" என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. எழுத்து வேலை குறைய வேண்டும். அதில் இரண்டு கருத்து இல்லை. எந்த வேலையை மெஷினிடம் கொடுப்பது, எதைக் கையில் வைத்திருப்பது என்பதில்தான் எங்களுக்கு ஒரு பிடிவாதம் இருக்கிறது. இப்போது நடப்பது தலைகீழாக நடக்கிறது என்பது எங்கள் அபிப்பிராயம்.

முதலில் நம்ம குறிப்பு எப்படி இருக்கும் என்று பாருங்கள். ஒரு உதாரணம்.

திங்கள்: தரம் 8, பின்னம், பாதிப் பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. செவ்வாய்: மழை, வரவு குறைவு. புதன்: கூட்டம், இரண்டு பாடவேளை போயிற்று. வியாழன்: 14ஆம் இலக்கம் எல்லாக் கணக்கும் சரி. வெள்ளி: 22 திரும்பவும் சண்டை, அம்மாவை வரச் சொல்ல வேண்டும்.

இதை மெஷினிடம் கொடுத்தால் என்ன வரும்? "இவ்வாரம் பின்னம் தொடர்பான எண்ணக்கருவில் மாணவர்களிடையே கலவையான அடைவு காணப்பட்டது. சீரற்ற காலநிலை வரவைப் பாதித்தது. அடுத்த வாரம் குழுச் செயற்பாடுகள் மூலம் பரிகாரக் கற்பித்தல் மேற்கொள்ளப்படும்." அழகான தமிழ். பிழை பிடிக்க ஒன்றுமில்லை. குழுச் செயற்பாடு என்று நாம் எங்கேயும் எழுதவில்லை, அதுவாகச் சேர்த்தது. அதையும் விடுவோம். அந்த வகுப்பில் 34 பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நாள் குறிப்பில் தனியாகத் தெரிந்தது இரண்டே பேர். ஒன்று கெட்டிக்காரப் பிள்ளை, மற்றது சண்டைக்காரப் பிள்ளை. மெஷின் சுருக்கியதும் அந்த இரண்டு பேரும்கூடக் காணாமல் போய், 34 பேரும் "மாணவர்கள்" ஆகிவிட்டார்கள்.

மெஷினில் குறை இல்லை. இருப்பதைச் சுருக்கத்தான் அதற்குத் தெரியும். இல்லாததை அது எங்கே தேடும்?

நம்ம பக்கத்தில் ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தை விடுவது எப்படி நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஒரே நாளில் நடப்பதில்லை. முதலில் சம்பள நாளுக்கு வராது. பிறகு வெள்ளிக்கிழமை வராது. தீபாவளிக்கு வீட்டில் நின்றால் ஒரு கிழமை சேர்ந்து போகும். தம்பி தங்கையைப் பார்க்க, அம்மா கொழுந்துக்குப் போக. பிறகு ஒரு நாள் "கொழும்பில் கடைக்குப் போயிட்டான் சேர்" என்று பக்கத்து லயத்துப் பிள்ளை சொல்லும். 16 வயது வரை கட்டாயக் கல்வி என்று 2016இல் சட்டத்தை உயர்த்தியாயிற்று. ஆனால் அது நடக்கிற நாளில் பெரும்பாலும் சட்டத்துக்குத் தகவல் போவதில்லை.

இடாப்பில் அந்தப் பிள்ளைக்குச் சிவப்புக் கோடு விழுவது கடைசியில். அதற்கு முதல், வகுப்பில் இருக்கும்போதே அது நம்ம குறிப்பிலிருந்து போய்விடுகிறது. கேள்வி கேட்பதில்லை, பதில் சொல்வதில்லை, சண்டை பிடிப்பதில்லை, கொப்பியில் எழுதுகிற மாதிரி ஒன்றும் செய்வதில்லை. பின்வரிசையில் சத்தமில்லாமல் இருக்கும். நல்ல பிள்ளை என்று நாமும் விட்டுவிடுவோம். ஐந்து கிழமையாக அந்தப் பிள்ளை பற்றி ஒரு சொல் எழுதவில்லை என்பதை எந்தச் சுருக்கமும் காட்டாது. கிழமைக்குக் கிழமை நல்ல நடையில் மீளாய்வு வந்துகொண்டே இருக்கும்.

இதில் பதுளைக் கடைவீதி நம்மை விடக் கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது. கடன் கொப்பி வைத்திருக்கிற ஒரு நானாவைப் பாருங்கள். தோட்டத்துச் சனங்களுக்கு மாதம் முழுக்கச் சாமான் கொடுத்து, சம்பளத்தன்று வாங்குகிற கணக்கு. அவர் கொப்பியைப் புரட்டும்போது, வந்து காசு கட்டியவரில் கண் நிற்காது. போன மாதம் வந்தவர் இந்த மாதம் ஏன் வரவில்லை? சுகமில்லையா, வேறு கடைக்கு மாறிவிட்டாரா, தோட்டத்தை விட்டே போய்விட்டாரா? கண் அங்கேதான் நிற்கும். அதுதான் மீளாய்வு. எவ்வளவு விற்றது என்ற கூட்டல் கல்குலேட்டருக்கு உரியது.

தோட்டத்திலும் இதே பாடம்தான் இருக்கிறது, கொஞ்சம் கசப்பாக. அங்கே "பேர்" என்றால் வெறும் பெயர் இல்லை, ஒரு நாள் வேலை. "இந்த மாதம் எத்தனை பேர்?" என்று கேட்டால் எத்தனை நாள் சம்பளம் என்று அர்த்தம். குறித்த கிலோ எடுக்காவிட்டால் அரைப்பேர். செக்ரோலில் பேர் விழாவிட்டால், மலையில் நின்று கொழுந்து எடுத்தது உண்மையாக இருந்தாலும் அந்த நாள் இல்லை. தலைமுறை தலைமுறையாக அந்தப் புத்தகத்தை எழுதியவர் வேறு ஆள், வாசித்தவர் வேறு ஆள், அதில் பேர் இருந்தவருக்கு வாசிக்கத் தெரியாது. இப்போது சில இடங்களில் டிஜிட்டல் தராசு வந்திருக்கிறது. நல்லது. ஆனால் எழுதப்படாத பேர் என்றால் என்னவென்று ஒரு தோட்டத்து அம்மாவுக்கு நாம் விளங்கப்படுத்த வேண்டியதில்லை. அவருடைய பிள்ளையின் பெயர் நம்ம குறிப்பில் விழுகிறதா என்று பார்ப்பது, அவருக்கு நாம் செய்யக்கூடிய மிகச் சின்ன மரியாதை.

எதை மெஷினிடம் கொடுக்கலாம் என்பதற்கும் நம்ம மலையிலேயே உதாரணம் இருக்கிறது. மழைமானி. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினால் வெளியேற்றம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு எல்லை வைத்திருக்கிறது. மானி வியாக்கியானம் எழுதுவதில்லை. எண் எல்லையைத் தாண்டியதா இல்லையா, அவ்வளவுதான். அதற்குப் பிறகு கதவைத் தட்டி "எழும்புங்கள், வெளியே வாருங்கள்" என்று சொல்வது மனிதர். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வேலை நடக்காது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை இறங்கியபோது, அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எழுதப்பட்ட எச்சரிக்கைகள் இருந்தன. குறிப்பு இருந்தது, அறிக்கை இருந்தது. லயம் அதே இடத்தில் இருந்தது. எழுத்து ஒழுங்காக இருப்பது காரியம் ஒழுங்காக இருப்பதாகாது என்பதற்கு ஊவாவில் இதைவிடப் பெரிய சாட்சி எங்களுக்குத் தெரியவில்லை.

ஆகவே எங்கள் யோசனை இது. மெஷினிடம் "என் கிழமையைச் சுருக்கித் தா" என்று கேட்காமல், "இந்தக் கிழமை நான் யாரைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை?" என்று கேளுங்கள்.

இதற்குச் செயற்கை நுண்ணறிவுகூடத் தேவையில்லை என்பதுதான் வேடிக்கை. கூகிள் ஃபோர்ம் ஒன்று போதும். அதில் இரண்டே கேள்வி. பிள்ளையின் இடாப்பு இலக்கம், ஒரு வரிக் குறிப்பு. திகதியை அது தானாகப் போட்டுக்கொள்ளும். ஃபோர்மின் இணைப்பைப் போனின் முகப்பில் வைத்துவிட்டால், பாடவேளை முடிந்து அடுத்த வகுப்புக்கு நடக்கிற நேரத்தில் "9, இன்று தானாகவே கையை உயர்த்தினாள்" என்று தட்டிவிடலாம். தமிழில் பேசியும் எழுதலாம், குரல் தட்டச்சு இப்போது ஓரளவு நன்றாகப் பிடிக்கிறது. ஆனால் "பெரட்டுக்களம்" என்று சொன்னால் அது என்னவோ எழுதும், சிரிப்பதற்கு ஆகும்.

நாம் தட்டியதெல்லாம் ஒரு கூகிள் சீட்டில் வரிசையாக விழும். பக்கத்தில் இன்னொரு சீட்டில் 1 முதல் 34 வரை இலக்கங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே, கடந்த ஏழு நாளில் அந்த இலக்கம் எத்தனை தடவை வந்தது என்று எண்ணுகிற ஒரு சூத்திரம். கவுன்ட்-இஃப்ஸ் என்று அதற்குப் பெயர். உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் படிக்கிற பிள்ளையிடம் கேட்டால் பத்து நிமிடத்தில் போட்டுத் தரும். எண்ணிக்கை பூச்சியமாக இருக்கிற கட்டம் சிவப்பாகும்படி வைத்துவிடுங்கள். பிறகு வெள்ளிக்கிழமை நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். திறந்தால் சிவப்பு தெரியும். விருப்பமானால் அந்தச் சிவப்பு இலக்கங்களை மட்டும் ஒவ்வொரு வெள்ளியும் மின்னஞ்சலில் அனுப்பவும் சின்ன நிரல் ஒன்று எழுதலாம். சிக்னல் இல்லாத தோட்டமா? இடாப்புக்குப் பின்னால் கட்டம் போட்ட தாள் ஒன்றை ஒட்டி, எழுதிய பிள்ளைக்கு ஒரு புள்ளி வைத்தாலும் இதே வேலைதான். டேட்டா காசும் மிச்சம்.

முதல் கிழமை முக்கால்வாசி சிவப்பாகத்தான் இருக்கும். அதற்குப் பயப்படத் தேவையில்லை. 34 பேரைப் பற்றியும் ஒரு கிழமையில் எழுத யாருக்கும் ஏலாது, எழுதவும் வேண்டாம். பார்க்க வேண்டியது ஒரே இலக்கம் மூன்று கிழமை தொடர்ந்து சிவப்பாக நிற்கிறதா என்பதை. அப்படி நின்றால் அடுத்த திங்கள் அந்த மேசைக்குப் பக்கத்தில் இரண்டு நிமிடம் நின்று கதைத்தால் போதும். "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்பதே நல்ல கேள்வி. பல விஷயம் அந்த ஒரு கேள்வியில் வெளியே வரும்.

இந்தப் பூச்சியத்துக்கு என்ன அர்த்தம் என்று மெஷினிடம் கேட்க வேண்டாம். 27ஆம் இலக்கம் ஏன் பேசுவதில்லை என்று அதற்குத் தெரியாது. அப்பா மத்திய கிழக்கிலா, அம்மா அங்கே போய்ப் பாட்டியிடம் வளர்கிறதா, கண் தெரியாமல் கரும்பலகையைப் பார்க்க முடியாமல் இருக்கிறதா, டித்வா புயலுக்குப் பிறகு சொந்தக்காரர் வீட்டிலிருந்து வருகிறதா? கேட்டால் மெஷின் ஏதாவது ஒரு காரணத்தை நம்பும்படி எழுதித் தரும். அதுதான் அதிலே பயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை நாங்கள் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறோம். பிள்ளைகளின் பெயர், வீட்டு நிலைமை, நோய், அப்பா குடிக்கிறார் என்ற விஷயம், இதையெல்லாம் எந்த ஏஐ பெட்டியிலும் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். அது எங்கேயோ உள்ள கம்பனியின் கணினிக்குப் போகிறது. நம்ம நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், நம்ம ஊர் எவ்வளவு சின்ன ஊர்! ஒரு ஸ்கிரீன்ஷொட் குழுவில் தவறி விழுந்தால் மதியத்துக்குள் முழுத் தோட்டத்துக்கும் தெரிந்துவிடும். அதனால்தான் இலக்கம் என்கிறோம். இலக்கத்துக்குரிய பெயர் இடாப்பில் மட்டும் இருக்கட்டும். வீட்டு விஷயம் கொப்பியிலும் வேண்டாம், நெஞ்சில் இருக்கட்டும்.

"இதுவும் ஒரு படிவமாக மாறி, வலயத்திலிருந்து கேட்க ஆரம்பித்துவிடுவார்களே?" என்று சில டீச்சர்மார் கேட்டார்கள். நியாயமான கேள்வி. எங்களுக்கும் அந்தப் பயம் இருக்கிறது. மேலே அனுப்ப வேண்டும் என்று வந்த அன்றே இதன் உயிர் போய்விடும். சிவப்பு இல்லாமல் காட்டுவதற்காக வெள்ளிக்கிழமை இருந்து எல்லா இலக்கத்துக்கும் "நன்று" என்று தட்டுவோம். மனித சுபாவம் அது. பாடக்குறிப்புக் கொப்பி ஏற்கெனவே பாதி அப்படித்தான் ஆகிவிட்டது: கையொப்பம் வைக்கிறவரின் கண்ணுக்காக எழுதுகிறோம். அந்தக் கொப்பிக்கு மெஷின் எழுதித் தரட்டும், எங்களுக்கு ஆட்சேபனை இல்லை. மெஷின் எழுதியதை யாரும் வாசிக்காமல் கையொப்பம் வைப்பார்கள், எழுதியதற்கும் வாசித்ததற்கும் சரியாகப் போய்விடும். இந்தச் சீட் மட்டும் டீச்சருடையதாக இருக்கட்டும். அதிபர்மாரிடம் எங்கள் தயவான வேண்டுகோள் இது. "செய்கிறீர்களா?" என்று கேளுங்கள், "காட்டுங்கள்" என்று கேட்காதீர்கள்.

வாராந்த மீளாய்வு என்பது அமெரிக்காவிலிருந்து வந்த புதுப் பழக்கம் என்று நினைக்கிறவர்களும் உண்டு. 2001இல் டேவிட் அலன் என்பவர் எழுதிய புத்தகம் ஒன்றுதான் அதை அலுவலகக்காரர்களிடம் பிரபலமாக்கியது, உண்மை. ஆனால் நமக்கு முஹாஸபா என்ற சொல் எவ்வளவு பழையது! இமாம் கஸ்ஸாலி தன் இஹ்யாவில் அதற்கென்றே ஒரு பாகம் ஒதுக்கி, வியாபாரி தன் பங்காளியிடம் கணக்குப் பார்ப்பதற்கு அதை ஒப்பிடுகிறார். கடைவீதியில் வளர்ந்த நமக்கு இதைவிட இலகுவாக விளங்கப்படுத்த முடியாது. கூட்டல் கழித்தலை யாரும் செய்யலாம். கூட்டாளியிடம் முகத்துக்கு நேரே இருந்து "இது எங்கே போயிற்று?" என்று கேட்பதற்குக் கூலிக்கு ஆள் பிடிக்க ஏலாது. ஜும்ஆ நாளில் நமக்குக் கிடைக்கிற கொஞ்ச அமைதியில் இந்தச் சிவப்புக் கட்டங்களைப் பார்ப்பதும் அந்தக் கணக்கில் சேரும் என்றே நாங்கள் நினைக்கிறோம். கோயிலுக்குப் போகிற நண்பர்களுக்கும், பன்சலைக்குப் போகிறவர்களுக்கும், தேவாலயத்துக்குப் போகிறவர்களுக்கும் தத்தமது வழியில் இது தெரிந்த விஷயம்தான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தவணைக் கூட்டத்துக்கு வரும்போது எல்லாரும் கேட்பது "எத்தனையாம் பிள்ளை?" என்றுதான். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் நம்ம எல்லாரையும் அப்படி ஆக்கிவிட்டது. இந்தத் தடவை வேறொன்று கேட்டுப் பாருங்கள். "சேர், இந்த மாதம் என் மகனில் நீங்கள் கவனித்த ஒரு விஷயம் சொல்லுங்கள்." புள்ளி வேண்டாம், ஒரு விஷயம். டீச்சர் யோசிக்க வேண்டி வந்தால் கோபப்படாதீர்கள். அடுத்த மாதம் அந்த டீச்சர் யோசிக்காமல் சொல்வார். பகல் முழுக்கக் கொழுந்து மலையில் நின்றுவிட்டு, கூட்டத்துக்கு வர ஏலாத தாய்மாருக்காக, வருகிறவர்கள் சேர்த்துக் கேட்டால் இன்னும் நல்லது.

இந்தத் தவணை முடிய இன்னும் சில கிழமைகள் இருக்கின்றன. எல்லா வகுப்புக்கும் வேண்டாம், உங்கள் பொறுப்பிலுள்ள ஒரு வகுப்புக்கு மட்டும் செய்து பாருங்கள். வெற்றுச் சீட் ஒன்று, சூத்திரம் போட்டபடி, எங்களிடம் ஆயத்தமாக இருக்கிறது. வேண்டியவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள், இணைப்பை அனுப்புகிறோம். பிரதி எடுத்து உங்கள் கணக்கில் வைத்துக்கொண்டால் எங்களுக்கும் அது தெரியாது, தெரியவும் தேவையில்லை. தாளில் செய்ய விரும்புகிறவர்களுக்குக் கட்டம் போட்ட பக்கமும் இருக்கிறது, பதுளை டவுனில் போட்டோகொப்பி அடித்துக்கொள்ளலாம். சிங்கள மொழிமூலம் படிப்பிக்கிற நண்பர்களுக்கு அதே சீட்டைச் சிங்களத்தில் மாற்றித் தர யாராவது முன்வந்தால் கொமென்டில் கையை உயர்த்துங்கள்.